காப்பரிசியை ஏன் வேகவைப்பதில்லை? காவிரி டெல்டாவின் சாப்பாட்டு நாட்காட்டி

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக்கரைக்கு எடுத்துப்போகும் தட்டில் காப்பரிசி கட்டாயம் இருக்கும். பச்சரிசியை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, வெல்லமும் எள்ளும் தேங்காயும் கலந்தால் காப்பரிசி. அவ்வளவுதான், அடுப்பே தேவையில்லை. காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, பழம் எல்லாவற்றோடும் சேர்த்து ஆற்றுக்குப் படைத்து, கொஞ்சம் தண்ணீரில் விட்டு, மீதியைப் படித்துறையிலேயே உட்கார்ந்து மெல்லுவோம். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது. பக்கத்தில் தூக்குவாளி நிறையப் புளியோதரையும் தயிர்சாதமும் இருக்கும்போது வேகாத அரிசியை எதற்குத் தின்ன வேண்டும்? கேட்டால் அப்பாயி, "ஆத்துக்குப் பசிக்கிறப்ப சோறு வடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

பதில் விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் ஆடி மாதம் டெல்டா வீடுகளில் வேறு என்ன ஊறுகிறது என்று பார்த்தால் காப்பரிசிக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. சம்பாவுக்கு நாற்றங்கால் விடும் சமயம் அது. விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஒரு நாள் தண்ணீரில் போட்டு, எடுத்து மூட்டம் போட்டு, முளை கிளம்பியதும் தெளிப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் விதைநெல் ஊற, வீட்டுக்குள் அரிசி ஊறுகிறது. சோறாக ஆகாமல், விதையின் பக்கமே நிற்கும் அரிசியை ஆற்றுக்குக் கொடுக்கிறோம். இது என் வாசிப்பு மட்டுமே. ஆனாலும் டெல்டாவின் ஒவ்வொரு பண்டிகைச் சாப்பாட்டையும் இப்படி வயலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், பஞ்சாங்கத்துக்குக் கீழே இன்னொரு நாட்காட்டி ஓடுவது தெரியும். அதை எழுதியது ஆறு. அந்த ஆறு தன் தேதிகளை மாற்றிக்கொண்டுவிட்டது, சாப்பாடு மட்டும் பழைய தேதியிலேயே நிற்கிறது. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தண்ணீர்க் கணக்கு. காவிரி பிறக்கும் கர்நாடகத்துக் குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் வரும். அந்த நேரத்தில் தஞ்சாவூரில் பெரிய மழை கிடையாது. அனல் காற்றும் புழுதியும்தான். பெருமழை காணாத ஊருக்குள் நுங்கும் நுரையுமாக ஆறு நுழைவது எப்படிப்பட்ட காட்சி என்று யோசித்துப் பாருங்கள். பெருக்கு என்று பெயர் வைத்து அதற்கொரு நாள் ஒதுக்கியதில் ஆச்சரியமில்லை. டெல்டாவின் சொந்த மழை ஐப்பசியில்தான் தொடங்கும். ஆக, ஒரே வருடத்தில் இரண்டு தண்ணீர்: ஆடியில் எங்கிருந்தோ வருவது, ஐப்பசியில் தலைக்கு மேலிருந்து விழுவது.

1934 வரை வெள்ளம் தன் இஷ்டத்துக்கு வந்து போனது. 1925-ல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை 1934-ல் முடிந்தது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அதன் பிறகு ஆற்றுக்கு அரசு ஒரு தேதி கொடுத்தது: ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள். இந்தத் தேதியை நம்பித்தான் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று பட்டங்கள், அதாவது சாகுபடிப் பருவங்கள். குறுவை நூற்றுச் சொச்சம் நாள் பயிர், ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் அறுப்பு. சம்பா நீண்ட பயிர், தை ஒட்டி அறுப்பு. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அதே வயலில் நடுவது தாளடி.

தேதி கொடுத்தாயிற்று. தேதிப்படி தண்ணீர் வந்ததா? 2012-லிருந்து 2019 வரை எட்டு வருடம் ஒரு முறைகூட ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. 2020-ல்தான் மறுபடி சரியான நாளில் திறந்தார்கள். 2022-ல் நேர்மாறாக மே 24-லேயே திறப்பு. 2024-ல் ஜூலை 28. உச்ச நீதிமன்றம் 2018-ல் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டிஎம்சி விட வேண்டும் என்று சொன்னதில் மாதக் கணக்கும் உண்டு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. மேலே மழை பொய்த்தால் இந்த எண்களை வைத்துக்கொண்டு நாற்றுவிட முடியாது.

இப்போது ஆடிக்கே திரும்புவோம், அது ஒரு விசித்திரமான மாதம். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்களே, அந்தக் கூழ் கேழ்வரகில் காய்ச்சியது. டெல்டாவின் நஞ்சையில் கேழ்வரகு விளைவதில்லை, அது மேட்டுநிலத்துத் தானியம். நெல்லைத் தவிர வேறெதையும் மதிக்காத ஊர், ஆடியில் மட்டும் தன் அம்மனுக்கு வெளியூர்த் தானியத்தில் கூழ் வைக்கிறது. காரணத்தைத் தேடிப் பத்தாயத்தைத் திறந்து பார்த்தால் போதும். தையில் அறுத்து உள்ளே போட்ட நெல், ஆடிக்குள் அடிமட்டத்தைத் தொட்டிருக்கும். மிச்சம் இருப்பது விதைநெல், அதில் கை வைக்கக் கூடாது. நடவுக்கூலிக்கும் எருவுக்கும் நகை அடகுக்குப் போகும் மாதமும் இதுதான். கல்யாணம் இல்லை, விசேஷம் இல்லை, புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். முதல் நாள் மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டு ஆடிப்பால் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டியது. ஆடிக்கு அழைக்காத மாமியாரை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பழமொழி இருக்கிறது, முழுதாக எழுதினால் நன்றாக இருக்காது.

அந்தப் பஞ்சத்துக்கு நடுவில்தான் பதினெட்டாம் நாள் ஐந்தாறு வகைச் சாதம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். காவிரி மசக்கையாக இருக்கிறாள், அவளுக்கு வாய்க்கு ருசியாக, புளிப்பும் இனிப்புமாக வேண்டும் என்பது ஊரில் சொல்லும் காரணம். அதற்கு வளையலும் கொடுக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரே அம்மா மண்டபத்துக்கு வந்து ஆற்றுக்குப் புடவையும் மாலையும் சீராகத் தருகிறார். நெற்பயிருக்கும் இதே மொழிதான். கதிர் உள்ளே உருவாகும் கட்டத்தைச் சூல் என்போம், அப்புறம் தொண்டைக்கதிர், அப்புறம் பால் பிடிப்பது. ஆறு, பயிர், பெண் மூன்றுக்கும் ஒரே சொற்களைப் பயன்படுத்தும் ஊரில் ஆற்றுக்கு வளைகாப்புச் சாப்பாடு போடுவதை வினோதமாகப் பார்க்க ஒன்றுமில்லை.

ஆற்றின் மேல்பகுதியில் இதே மாதம் வேறு மாதிரி தொடங்கும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கம் ஆடி முதல் தேதி தேங்காய் சுடுவார்கள். இளந்தேங்காயின் கண்ணைத் திறந்து, பச்சைப்பயறு, எள், அவல், வெல்லம், பொட்டுக்கடலை எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுவது. தஞ்சாவூரில் வளர்ந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டதும் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆறு, ஒரே மாதம். தண்ணீர் முதலில் போகும் ஊர் ஒன்றாம் தேதியே கொண்டாடிவிடுகிறது, கடைசியில் போகும் ஊர் பதினெட்டு வரை காத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆவணியில் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை. அதற்கு மேல் சொல்ல அந்த மாதத்தில் அதிகமில்லை, வயலில் களையெடுப்பு. புரட்டாசியில் கறிக்கடைகள் காற்று வாங்கும். சனிக்கிழமைதோறும் தளிகை, மாவிளக்கு, நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல். கும்பகோணம் பக்கத்து ஒப்பிலியப்பன் கோயிலில் வருடம் முழுக்க உப்பில்லாத பிரசாதம். உப்புச் சேர்த்த எதையும் அந்தச் சன்னதிக்குள் கொண்டுபோகக் கூடாது. முதல்தடவை சாப்பிடுபவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், நாலு வாய் உள்ளே போனதும் அரிசியின் ருசி தனியாகத் தெரியத் தொடங்கும்.

புரட்டாசி வயலில்தான் குறுவை அறுப்பு, அங்கே விரதம் கிடையாது. பயிர் முற்றுவதும் வானம் இருட்டிக்கொண்டு வருவதும் ஒரே வாரத்தில் நடக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். வருடாவருடம் இந்த எண்ணை உயர்த்தச் சொல்லி மனுப் போவதும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பதும் ஐப்பசிச் சடங்குகளில் ஒன்றாகவே ஆகிவிட்டன. சாலையோரம் நெல்லைக் காயவைத்துத் தார்ப்பாய் போடுவதும் எடுப்பதுமாக இருப்பவர்களைப் பார்த்தால் தீபாவளி நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதிரசத்துக்கு வெல்லம் எத்தனை கிலோ வாங்குவது என்பதை அந்தத் தார்ப்பாய்தான் முடிவு செய்யும். தீபாவளி லேகியம் மட்டும் நெல்லை நம்பியில்லை. சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய். எண்ணெய்ப் பலகாரம் செரிக்க என்று சொன்னாலும், மழைக்காலத்துக்குள் நுழையும் உடம்புக்கான முன்னேற்பாடு அது.

குறுவை நெல் வீட்டுக்கு வந்திருக்கும் இந்த ஐப்பசியின் பௌர்ணமியில்தான் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் 13 அடி உயர லிங்கத்தை மூடச் சுமார் 100 மூட்டை அரிசி வடிக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலிலும் 1,000 கிலோ அளவில் நடக்கும். சாத்திய சோற்றைக் கலைத்துப் பக்தர்களுக்குக் கொடுத்து, ஒரு பங்கை நீர்நிலையில் கரைப்பது வழக்கம், மீன்களுக்காக. ஆடியில் ஆறு வேகாத அரிசியை வாங்கிக்கொண்டது, ஐப்பசியில் வெந்த சோறாகத் திரும்பப் போகிறது. மயிலாடுதுறையில் அதே மாதம் முழுக்கத் துலாக் கட்டத்தில் முழுக்கு, கடைசி நாள் கடைமுகம். கார்த்திகை முதல் தேதி, தாமதமாக வந்தவர்களுக்காக முடவன் முழுக்கு என்று ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். நல்ல ஊர்.

கார்த்திகையில் நெல்பொரியும் அவல்பொரியும் வெல்லப்பாகில் உருண்டையாகும். சொக்கப்பனை எரியும். இந்த மாதத்தைப் பற்றி எழுதும்போது பொரியைவிட முன்னால் வந்து நிற்பது புயல். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னை காய்க்க வருடங்கள் ஆகும். தேங்காய் வெளியே விற்ற வீடுகள் பண்டிகைக்குத் தேங்காய் விலை கொடுத்து வாங்கின. எண்ணெய், பால், பூரணம், சட்னி என்று இந்த ஊர்ச் சமையலில் தேங்காய் நுழையாத இடம் குறைவு. நெல்லுக்கு ஒரு வருடம் போனால் அடுத்த வருடம் உண்டு, தென்னைக்கு அப்படியில்லை.

மார்கழியைக் கோயில் மடப்பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. விடியற்காலையில் மிளகும் நெய்யும் மணக்கும் வெண்பொங்கல், இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசில், திருவாதிரைக்குக் களியும் பல காய் போட்ட கூட்டும். களி என்பது வறுத்து உடைத்த அரிசியில் வெல்லம் போட்டுக் கிளறுவது. கொள்ளிடத்துக்கு வடகரையில் சிதம்பரத்தில், சேந்தனார் வீட்டு எளிய களியைத் தேடி நடராசரே போனார் என்ற கதையோடு அது படைக்கப்படுகிறது. ஏழை வீட்டுச் சமையலுக்குக் கோயிலில் கௌரவம் கிடைத்த அபூர்வ சந்தர்ப்பம்.

ஏழை வீடு என்று எழுதியதும் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். பண்டிகைச் சாப்பாட்டைப் பற்றிய எழுத்தெல்லாம் பத்தாயம் இருந்த வீடுகளையே சுற்றிவருகிறது, இதுவரை நான் எழுதியதும் அப்படித்தான். நிலம் இல்லாத வீடுகளுக்கு வேறு நாட்காட்டி இருந்தது. கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில் நடவும் அறுப்பும்தான் சோறு. இடைப்பட்ட மாதங்களில் வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் கெண்டை, கெளுத்தி, வரப்புக் கீரை. அறுப்பு முடிந்ததும் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிர்களை எடுத்து உதிர்த்து அரிசியாக்கியிருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டதற்குப் பின்னணியில் இருந்தது கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டம். மார்கழி மாதம் அது, சம்பா முற்றிக்கொண்டிருந்த நேரம். டெல்டாவின் மார்கழியை நெய் மணத்தோடு மட்டும் நினைவு வைத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. நண்டு ரசமும் நத்தை வறுவலும் இன்று ஓட்டல்களில் 'கிராமத்து ஸ்பெஷல்' என்ற பெயரில் வருகின்றன, அவை எந்த மாதத்துப் பசிக்குச் சமைக்கப்பட்டவை என்பது மெனு கார்டில் இருக்காது.

தைப்பொங்கலுக்கு வருவோம். புதுப்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு எல்லோருக்கும் தெரிந்ததே. டெல்டாவில் அன்றைய தனி அடையாளம் பொங்கலைவிட அதோடு வைக்கும் குழம்பு என்பேன். அவரை, மொச்சை, பரங்கி, வாழைக்காய், சேனை, கருணை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி என்று கொல்லையில் அந்த நேரத்தில் காய்த்ததும் மண்ணுக்குள் விளைந்ததும் எல்லாம் ஒரே சட்டியில். உருளைக்கிழங்கும் கேரட்டும் போட மாட்டார்கள், அவை நாட்டுக்காய் இல்லை. மழை முடிந்து பனி இறங்கும் அந்த நாலைந்து வாரத்தில்தான் இத்தனை காயும் ஒன்றாகக் கிடைக்கும். மறுநாள் மீந்ததைச் சுண்டவைத்து, பழைய பொங்கலோடு சாப்பிட்டால் முதல்நாள் ருசியெல்லாம் ஒன்றுமில்லை. கணுப்பிடிக்கு மஞ்சள் இலையில் வண்ண வண்ணச் சோற்று உருண்டைகளைக் காக்கைக்கும் குருவிக்கும் வைப்பதும் அந்த மறுநாள்தான்.

இந்தப் பொங்கல் புது அரிசிப் பொங்கல் என்பது சம்பிரதாயம். முதல் கதிரை அறுத்து வந்து நிலைப்படியில் கட்டி, கொஞ்சம் குத்தி அரிசியாக்கிப் பானையில் போட வேண்டும். ஜூன் 12-ல் தண்ணீர் வந்து, ஆடியில் நாற்றுவிட்டு, ஆவணியில் நட்டிருந்தால் கணக்கு சரியாக வரும். செப்டம்பர் இறுதியில் அணை திறந்த வருடத்தில்? தை ஒன்றாம் தேதி வயலில் கதிர் பச்சையாகத் தலைகுனியாமல் நிற்கும். பொங்கலைத் தள்ளிப்போட முடியாது, அது சூரியன் கணக்கு. அப்போது பானைக்குள் போவது கடையரிசி, இல்லாவிட்டால் ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பில் கொடுக்கும் ஒரு கிலோ பச்சரிசி. தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய மாவட்டங்களில், பொங்கலுக்கு அரிசி வரிசையில் நின்று வருகிறது. இதில் கேலி ஒன்றுமில்லை, அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் பல வீடுகளில் பானையே ஏறாது. இன்னொரு சின்ன விஷயம்: தொகுப்பில் வருவது வெள்ளைச் சீனி. சர்க்கரைப் பொங்கலில் உள்ள சர்க்கரை என்ற சொல்லுக்கு இங்கே வெல்லம் என்றுதான் பொருள், எனவே வெல்லம் தனியாக வாங்க வேண்டும்.

தண்ணீர் தாமதமானால் பாதிக்கப்படுவது பொங்கல் பானை மட்டும்தான் என்றால் பரவாயில்லை. அதைவிடப் பெரிய அடி இரண்டு மாதம் கழித்து விழும், வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அது உளுந்து.

சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, ஈரவயலுக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் கையால் தெளித்துவிடுவார்கள். உழவு இல்லை, தண்ணீர் பாய்ச்சல் இல்லை, செலவும் பெரிதாக இல்லை. நெல் அறுத்துப் போவதற்குள் முளைவிட்டிருக்கும். அதன் பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தை, மாசிப் பனியிலுமே வளர்ந்து பங்குனியில் காய்த்துவிடும். அவரையினம் என்பதால் மண்ணுக்கும் சத்து. இட்லிக்கு என்ன வேண்டும்? அரிசியும் உளுந்தும். இரண்டும் ஒரே வயலில், ஒரே தண்ணீரின் தலையிலும் வாலிலும் விளைகின்றன. இட்லி எங்கே பிறந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் இட்லிமாவின் இரண்டு பங்குகளையும் ஒரே வயல் அடுத்தடுத்துத் தரும் ஏற்பாடு இந்த ஊரில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நாள் கணக்கு ரொம்ப முக்கியம். தை மாதமே தெளித்தால் பனி கிடைக்கும். அறுப்பு மாசிக் கடைசிக்குப் போய்விட்டால் பனி முடிந்து, பூக்கும் நேரத்தில் வெயில் அடித்து, உளுந்து கைக்கு வராது. ஆக, ஜூனில் குடகில் பெய்யாத மழை பங்குனியில் தஞ்சாவூர் உளுந்து மூட்டையைக் குறைக்கிறது. அறுப்பு இயந்திரம் வந்த பிறகு இன்னொரு சிக்கல். ஆள் அறுத்த காலத்தில் முளைத்த பயிரை மிதிக்காமல் நடந்தார்கள். இயந்திரத்தின் சக்கரமும் பட்டையும் அதைப் பார்க்காது, சின்ன முளை நசுங்கிவிடும். அதனால் தெளிக்கும் நாளை அறுப்புக்கு இன்னும் கிட்டே தள்ளிவைக்கிறார்கள், சிலர் விட்டேவிட்டார்கள். கல்யாண வீட்டு வடைக்கும் வீட்டு அப்பளத்துக்கும் சொந்த வயல் உளுந்தே போதும் என்றிருந்த குடும்பங்கள் இப்போது மளிகைக் கடையில் உடைத்த உளுந்து வாங்குகின்றன.

மாசியும் பங்குனியும் கூடும் நேரத்தில் காரடையான் நோன்பு. கார் என்ற பருவத்து நெல்லின் அரிசியில் செய்த அடை என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வறுத்த அரிசி மாவு, காராமணி, தேங்காய்ப் பல், வெல்லம். இன்னொரு ஈடு உப்படை. பக்கத்தில் உருகாத வெண்ணெய். அடையை வேகவைக்கும் பாத்திரத்தின் அடியில் வைக்கோல் போடுவது பழைய வழக்கம். அப்போதுதான் போரடித்து அடுக்கிய புது வைக்கோல், ஆவியில் அதன் வாசம் அடையில் ஏறும். குக்கர் இட்லித் தட்டில் வேகும் அடைக்கு அந்த வாசம் கிடையாது. புது வைக்கோலும் சுலபத்தில் கிடைப்பதில்லை. இயந்திரம் அறுத்ததைக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஜனவரி 28-க்குப் பிறகு வாய்க்கால் வற்றிக்கொண்டே போகும். பங்குனியில் மொட்டைமாடிகள் நிறையும்: கூழ்வடகம், மோர்மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்கள், சின்ன வெங்காயத்தை நசுக்கிப் பருப்போடு உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம். ஜாடியில் மாவடு. ஐப்பசி மழையில் காய் கிடைக்காத நாட்களுக்காகப் பங்குனி வெயிலைச் சேமித்து வைக்கிறார்கள். வற்றும் குட்டைகளில் சேற்றுக்குள் ஒதுங்கும் விராலுக்கும் இதுவே காலம்.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ. அதே மாதம் நல்லேர் பூட்டுவார்கள். தண்ணீர் இல்லாத காய்ந்த வயலில் மாட்டுக்கு மாலை போட்டு, ஏரைப் பூட்டி நாலு சால் ஓட்டி, தேங்காய் உடைத்து, அங்கேயும் காப்பரிசிதான். மாடு இல்லாத இடங்களில் டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம். தண்ணீர் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே வருடத்தைத் தொடங்கிவிடும் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

கரையோரத்து ஆண்டு இதற்குத் தலைகீழ். நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உள்நாட்டில் வாய்க்கால் காய்ந்திருக்கும் அதே இரண்டு மாதம் கடலும் மூடியிருக்கும். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் கொஞ்சம் மீனும் கருவாடும்தான். தடை முடிந்து படகு கிளம்பும் நாளும் மேட்டூர் திறக்கும் நாளும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வருவது தற்செயல்தான். ஒன்று மீனின் இனப்பெருக்கக் கணக்கு, மற்றொன்று பருவமழைக் கணக்கு. ஆனால் இரண்டும் பலித்த வருடத்தில் ஆனி மாதம் நாகப்பட்டினத்துச் சந்தையில் நின்றால், ஊரே மூச்சுவிட்டது போலிருக்கும்.

நாகூரின் நோன்புக் கஞ்சி எந்தப் பருவத்துக்கும் கட்டுப்படாது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் போட்டுப் பள்ளிவாசல்களில் காய்ச்சும் இந்தக் கஞ்சிக்கு அரசே வருடந்தோறும் அரிசி ஒதுக்குகிறது. பிறைக் கணக்கில் ரமலான் ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போவதால், முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு முழுச் சுற்று. நாற்று விடும்போதும், அறுக்கும்போதும், வயல் வெடித்துக் கிடக்கும்போதும் கஞ்சியின் முறை வரும். டெல்டாவின் எல்லாப் பருவத்தையும் பார்த்துவிடும் ஒரே பண்டிகைச் சமையல் அநேகமாக அதுதான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணத்துக் கடப்பாவுக்கும் திருவையாற்று அசோகா அல்வாவுக்கும்கூட மாதம் கிடையாது. ஆனால் அவை கடைத்தெருவின் பிள்ளைகள்.

இந்த நாட்காட்டியில் புதிதாகச் சேர்ந்த நாளும் ஒன்று உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழா, கோடையில் நடப்பது. 2018-ல் இறந்துபோன நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர். விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்கள், அடுத்த வருடம் அவர் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் கருப்புக்கவுனியும் மறுபடி அடுக்களைக்கு வந்ததில் இதற்குப் பெரிய பங்கு. இவற்றில் பல நீண்டகாலப் பயிர்கள், சம்பாப் பட்டத்தை முழுசாகக் கேட்பவை. தண்ணீர்த் தேதி ஆட்டம் கண்டிருக்கும் காலத்தில் இவற்றை நடுவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள், கீழே கூட்டம் கையேந்திப் பிடிக்கும். மாம்பழக் காலம் அதோடு முடியும். ஆடி பிறக்கும்.

2024-ல் ஜூன் 12 வந்தது, போனது, அணை திறக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு இருந்தவர்கள் மட்டும் குறுவை நட்டார்கள். ஜூலையில் குடகில் மழை கொட்டி, 28-ஆம் தேதி திறந்து, 30-ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. குறுவைக்கு உதவாத தண்ணீர், காப்பரிசிக்குச் சரியாக வந்து சேர்ந்தது. 2017-ல் இதுவுமில்லை. அந்த ஆடிப் பதினெட்டில் ஆறு முழுக்க மணல். குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, படித்துறையில் வைத்து, அதற்குப் பூப்போட்டுப் படைத்தோம். காப்பரிசியை எங்கே விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்த பெண்கள் அப்புறம் மணலில் கையால் ஒரு சின்னக் குழி பறித்து, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, அதில் போட்டு மூடினார்கள்.